தெக்கினியிலிருந்து புறப்பட்ட அறை

மாடம்பள்ளி வீடு தமிழ்நாட்டில் இருக்கிறது. நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் போகும் வழியில் தக்கலையில் இறங்கி, வேளிமலையைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச தூரம் உள்ளே போனால் பத்மநாபபுரம் அரண்மனை வந்துவிடும். 1993 டிசம்பரில் வெளிவந்த ‘மணிச்சித்ரதாழ்’ என்ற மலையாளப் படத்தில் கங்காவும் நகுலனும் வந்து தங்குகிற மாடம்பள்ளி என்ற பழைய தறவாட்டின் ஒரு பகுதியை இங்கே எடுத்தார்கள். இன்னொரு பகுதியை எடுத்தது கொச்சி அரச குடும்பத்தின் திருப்பூணித்துறை ஹில் பேலஸில். படம் பார்க்கிறவருக்கு இரண்டும் ஒரே வீடு. தையல் எங்கே என்று கண்டுபிடிக்க முடியாது.

பத்மநாபபுரத்தின் நிலைமையே ஒரு விசித்திரம். திருவிதாங்கூரின் பழைய தலைநகரம் அது. 1956 நவம்பர் 1 அன்று கன்னியாகுமரி மாவட்டம் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தபோது ஊர் தமிழ்நாட்டுக்கு வந்தது, அரண்மனை மட்டும் கேரளத் தொல்லியல் துறையிடம் நின்றுவிட்டது. இன்றும் மண் நம்முடையது, சாவி அவர்களுடையது. உள்ளே போனால் முகம் தெரிகிற கருந்தரை, குனிந்து நுழைய வேண்டிய வாசல்கள், மந்திரசாலையின் ஜன்னல்களில் வண்ண மைக்காத் தகடுகள் வழியாக வடிந்து வரும் வெளிச்சம். நடுப்பகலில்கூட மூலைகள் இருண்டு கிடக்கும். ஆளில்லாத பெரிய வீட்டில் ஒரு பெண்ணின் மனம் மெல்ல இரண்டாகப் பிளக்கிற கதைக்கு இதைவிடப் பொருத்தமான இடம் கிடைப்பது கடினம்.

அந்த வீட்டின் தென்கட்டுக்குப் பெயர் தெக்கினி. அதில் பூட்டிய ஓர் அறை. இந்த முப்பது ஆண்டுகளில் அந்த அறை கேரளத்திலிருந்து கிளம்பி கன்னடம், தமிழ், இந்தி என்று ஊர் ஊராகப் போய்க் குடியேறியிருக்கிறது. போன இடமெல்லாம் கதவு மாறியது, பூட்டு மாறியது, அதைத் திறக்கிறவளின் முகம் மாறியது. உள்ளே அடைபட்டிருந்தவள் மட்டும் எங்கே போனாலும் அந்த ஊர்ப் பேச்சைப் பேசவில்லை. எனக்கு இந்தக் கதையில் நெடுநாளாக உறுத்திக்கொண்டிருப்பது இதுதான்.

அறையின் பிறப்பிடம் ஆலப்புழை மாவட்டத்து முட்டம். கதையை எழுதிய மது முட்டம் அந்த ஊர்க்காரர். அங்கே ஆலும்மூட்டில் என்ற செல்வாக்கான பழைய வீடு ஒன்று உண்டு. நூறு ஆண்டுகளுக்கு முன் அந்த வீட்டின் தலைவரான காரணவரும் ஒரு வேலைக்காரப் பெண்ணும் கொல்லப்பட்டார்கள். தாய்வழியில் வாரிசு வரும் மருமக்கள்தாய முறையில் சொத்து யாருக்கு என்ற பகையே அதற்குக் காரணம் என்று ஊர் சொல்லும். படத்துக்கு வித்து இந்தப் பழங்கதைதான் என்பது கேரளத்தில் எல்லோரும் அறிந்த பேச்சு. கொலையுண்ட காரணவரின் கதை, எழுத்தாளர் கைக்குப் போனபிறகு, கொலை செய்கிற காரணவரின் கதையாகத் திரும்பிக்கொண்டது. வேலைக்காரப் பெண்ணின் இடத்துக்குத் தஞ்சாவூரிலிருந்து ஒரு ஆடல்காரி வந்தாள். நாகவல்லி.

அவளைத் தஞ்சாவூரிலிருந்து கொண்டுவந்தது வெறும் கற்பனை வசதிக்காக அல்ல என்று நினைக்கிறேன். தஞ்சையிலிருந்து திருவிதாங்கூருக்கு ஆட்டமும் பாட்டும் போன பாதை நிஜமானது. தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலு, சுவாதித் திருநாளின் அரசவையில் இருந்தவர். நட்டுவனார்களும் ஆடும் பெண்களும் அந்த வழியில் போய்வந்திருக்கிறார்கள். போன பெண்களில் எத்தனை பேர் விரும்பிப் போனார்கள், எத்தனை பேர் திரும்பி வந்தார்கள் என்பதற்குக் கணக்கு இல்லை. மது முட்டம் அந்தக் கணக்கில்லாத பெண்களில் ஒருத்திக்குப் பெயர் வைத்தார்.

கதையில் சங்கரன் தம்பி என்ற காரணவர் நாகவல்லியைப் பிடித்துவந்து தெக்கினியில் வைக்கிறார். அவள் மனம் எதிர்வீட்டில் இருக்கும் ராமநாதன் என்ற ஆடல்காரன்மேல். ஒரு துர்காஷ்டமி இரவில் தம்பி அவளைக் கொல்கிறார். அவள் ஆவி அறைக்குள் பூட்டப்படுகிறது. பல தலைமுறை கழித்துக் கல்கத்தாவிலிருந்து கணவனோடு வரும் கங்கா அந்தப் பூட்டுக்குச் சாவி செய்துகொள்கிறாள். உள்ளே நாகவல்லியின் ஓவியம், சலங்கை, நகை, பட்டு. ஜன்னலைத் திறந்தால் எதிரே ராமநாதனின் வீடு. அதில் இப்போது ஒரு கல்லூரி ஆசிரியர் குடியிருக்கிறார்.

பேய்ப்படம் என்று நினைத்து உட்கார்ந்தவர்களை இயக்குநர் ஃபாசில் வேறு பக்கம் அழைத்துப் போனார். அந்த அறையில் பேய் இல்லை. கங்காவின் சின்ன வயதுதான் இருக்கிறது. பெற்றோர் கல்கத்தாவில், குழந்தை கிராமத்தில் பாட்டியிடம். பாட்டி சொல்லிச்சொல்லி ஊட்டிய பழங்கதைகளே அவள் உலகம். ஒரு நாள் பெற்றோர் திடீரென்று வந்து அழைத்துப் போவதாகச் சொல்ல, அந்தப் பிரிவின் அதிர்ச்சியில் அவள் மனம் முதல்முறை உடைகிறது. கல்யாணமான பிறகு கணவனுக்கு ஓயாத வேலை. பெரிய வீட்டில் தனிமை. பிடித்த இடத்திலிருந்து பிய்த்தெடுத்துக் கொண்டுபோகப்பட்ட நாகவல்லியின் கதையைக் கேட்டதும், கங்காவுக்கு அது அடுத்தவள் கதையாகப் படவில்லை. தனக்குள் இருந்த கோபத்துக்குச் சொல்லத் தெரியாமல் இருந்தவளுக்கு நாகவல்லி ஒரு நாக்கு கொடுத்தாள். படத்தைப் பலமுறை பார்த்தவர்களுக்கும் இந்த இடத்தில் தொண்டை அடைப்பதற்குக் காரணம் இதுதான்.

கட்டிலைத் தூக்குகிற காட்சியை எடுத்துக்கொள்ளலாம். வெளியே போகத் தயாராகிறாள் கங்கா. நகுலன் போக வேண்டாம் என்கிறான். சாதாரணப் புருஷன் பெண்டாட்டிப் பேச்சு. ஒரு நொடி அவள் பார்வை தாழ்கிறது, நிமிரும்போது ஆள் வேறு. குரல் அடியிலிருந்து ஏறுகிறது, கை கட்டிலைப் பற்றித் தூக்குகிறது. நகுலன் அதட்டிப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் பழையபடி கங்காவாகி, நடந்தது தெரியாமல் விழிக்கிறாள். கங்காவாக நடித்த ஷோபனா இதை முகத்தில் பூச்சு எதுவும் இல்லாமல், கண்ணையும் கழுத்து நரம்பையும் மட்டும் வைத்துக்கொண்டு செய்தார். சிறந்த நடிகைக்கான தேசிய விருது அவருக்குக் கிடைத்தது. சென்னையில் சித்ரா விஸ்வேஸ்வரனிடம் பரதம் கற்றவர் என்பதால், நாகவல்லியாக ஆடும்போது அந்த உடம்பு யாரிடமும் கடன் வாங்கவில்லை.

குரலுக்கும் ஒரு கதை உண்டு. கங்காவுக்குக் குரல் கொடுத்தவர் பாக்யலட்சுமி. நாகவல்லியின் தமிழையும் அவரே பேசினார் என்று இருபது ஆண்டுகளுக்கு மேல் எல்லோரும் நம்பியிருந்தார்கள். 2016-ல் ஃபாசில் உண்மையைச் சொன்னார்: நாகவல்லியின் பகுதிக்குப் பேசியவர் துர்கா என்ற தமிழ் டப்பிங் கலைஞர். ஒருவர் குரலே இரண்டுக்கும் வந்தால் வித்தியாசம் போதாது என்று பிற்பாடு மாற்றினார்களாம். ஆக, மலையாள வீட்டுக்குள் அடைபட்டுக் கிடந்த தமிழ்ப் பெண்ணுக்கு நிஜமாகவே ஒரு தமிழ்ப் பெண்தான் பேசியிருக்கிறாள், அவள் பெயரும் அத்தனை ஆண்டு வெளியே வரவில்லை. பாட்டில் நாகவல்லிக்கான தமிழ் வரிகளை எழுதியவர் வாலி.

கேரளத்துப் பார்வையாளர்களுக்கு அந்தத் தமிழ் எப்படிக் கேட்டிருக்கும் என்று யோசித்துப் பார்த்திருக்கிறேன். முக்கால்வாசி புரியும், கால்வாசி புரியாது. முழுக்கத் தெரியாத மொழியென்றால் அது வெறும் சத்தம். முழுக்கத் தெரிந்ததென்றால் அடுத்த வீட்டுச் சண்டை. புரிந்தும் புரியாமலும் இருப்பதுதான் மயிர்க்கூச்செறிய வைக்கிறது. பக்கத்து நாட்டு மொழிக்கு இந்தப் பலம் உண்டு.

கேரளத்தில் பெரும் வெற்றி பெற்ற பிறகும் அந்த அறை பதினோரு ஆண்டு நகரவில்லை. 2004-ல் பி. வாசு அதைக் கன்னடத்துக்குக் கொண்டுபோனார். ‘ஆப்தமித்ரா’. கங்காவைக் குணப்படுத்த வரும் மருத்துவராக விஷ்ணுவர்தன், கங்காவாக சௌந்தர்யா. படம் வெளியாவதற்குச் சில மாதம் முன்பு, அந்த ஆண்டு ஏப்ரல் 17-ம் தேதி நடந்த விமான விபத்தில் சௌந்தர்யா இறந்துபோனார். திரையில் அவர் நாகவல்லியாக ஆடியதைப் பார்த்த கன்னட ரசிகர்கள் ஏற்கெனவே இல்லாமல் போன ஒருத்தியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் படத்தில் நாகவல்லி தெலுங்கு பேசினாள். ‘ராரா’ பாட்டை அவளுக்காகப் பாடியவர் சென்னையின் நித்யஸ்ரீ மகாதேவன்.

அடுத்த ஏப்ரல் 14-ல், தமிழ்ப் புத்தாண்டு அன்று, அறை ‘சந்திரமுகி’யாக நம் ஊருக்கு வந்தது. சிவாஜி புரொடக்ஷன்ஸ், ரஜினிகாந்த், ஜோதிகா, பிரபு, வடிவேலு. தெக்கினி வேட்டையபுரம் அரண்மனையாகப் பெருத்தது. சென்னை சாந்தி தியேட்டரில் படம் 800 நாளுக்கு மேல் ஓடியது. மூலக்கதைக்காரரான மது முட்டத்துக்கு உரிய பெயர் இந்தத் தழுவல்களில் கிடைத்ததா என்ற விவாதம் பின்னாலேயே வந்தது. அவர் இல்லாவிட்டால் இதில் எந்த அறையும் இல்லை என்பதைச் சொல்லிவிட்டுத்தான் மேலே போக வேண்டும்.

தனி வீட்டுத் திகில் தமிழுக்குப் புதிதல்ல. ‘அந்த நாள்’ படத்தைப் பாட்டே இல்லாமல் 1954-ல் எடுத்துக் காட்டிய எஸ். பாலசந்தர், தீவு பங்களாவில் உறவுக்காரர்களை அடைத்துவைத்து ஒவ்வொருவராகச் சாகடித்த ‘நடு இரவில்’ படத்தை 1970-லேயே கொடுத்திருக்கிறார். 1980-ல் பாலு மகேந்திரா ‘மூடுபனி’ செய்தார். அந்த மரபில் வைத்துப் பார்த்தால் ‘சந்திரமுகி’ எனக்குக் கொஞ்சம் வருத்தம் தரும் படம். ஜோதிகாவின் உழைப்பில் குறையில்லை, கட்டில் காட்சியில் அவர் கண்கள் இன்னும் மறக்கவில்லை. ஆனால் கங்காவின் குழந்தைப் பருவம் சுருங்கிவிட்டது. பாட்டி, தனிமை, கணவனின் ஓயாத வேலை எல்லாம் ஓரமாகப் போய், நாயகனின் சாமர்த்தியம் நடுக்கூடத்தில் வந்து உட்கார்ந்தது. மலையாளத்தில் கடைசி இரவில் நாகவல்லி பழிதீர்த்துக்கொள்ளக் காரணவரின் இடத்தில் உட்காரவைக்கப்படுகிறவன் கணவன். தமிழில் அந்த இடத்துக்கு வேட்டையன் என்ற அரசன் வேடத்தில் ரஜினியே வந்துவிடுகிறார். ஒரு மனைவியின் அடிமனக் கோபம் யார்மேல் என்ற கூர்மையான கேள்வி அதோடு மழுங்கிப்போனது.

இன்னொன்றும் நடந்தது. தஞ்சாவூர்ப் பெண் தஞ்சாவூர்க்காரர்களின் மொழிக்கே திரும்பி வந்தபோது அவளைத் தமிழ்ப் பெண்ணாக வைத்துக்கொள்ள முடியவில்லை. சந்திரமுகி தெலுங்கு நாட்டு ஆடல்காரி ஆனாள். பின்னி கிருஷ்ணகுமாரின் குரலில் ‘ராரா’ தமிழ்நாடு முழுக்கப் பரவியது. அதே படம் தெலுங்கில் டப் ஆனபோது அந்தப் பாட்டைத் தமிழாக்கினார்கள். ஆந்திரத்துக்குப் போனதும் பேய் மறுபடி தமிழச்சி. 2007 அக்டோபரில் இந்தியில் ‘பூல் புலையா’ வந்தது. ராஜஸ்தானத்து சோமு அரண்மனையில் எடுத்த படம். அங்கே நாகவல்லி மஞ்சுளிகா ஆகி வங்காளி பேசினாள், வித்யா பாலன் வங்காளியில் அழுதார்.

மலையாளிக்குத் தமிழச்சி, தமிழனுக்கும் கன்னடனுக்கும் தெலுங்குக்காரி, தெலுங்கனுக்குத் தமிழச்சி, இந்திக்காரனுக்கு வங்காளி. யாரும் தன் வீட்டுப் பெண்ணைப் பேயாக்க ஒப்பவில்லை. நம் மொழி பேசுகிற பெண்ணுக்குள் இவ்வளவு ஆத்திரம் இருக்கும் என்று ஒப்புக்கொள்வதைவிட, அது பக்கத்து ஊரிலிருந்து வந்து ஏறிக்கொண்டது என்பது வசதி. கங்கா நல்லவள், கெட்டதெல்லாம் வேற்று மொழிக்காரி. எடுத்தவர்கள் இதைத் திட்டமிட்டுச் செய்ததாக நான் நினைக்கவில்லை. யாரும் திட்டமிடாமலே ஒவ்வொரு ஊரிலும் கை தானாக அந்தப் பக்கம் போயிருக்கிறது என்பதுதான் எனக்குக் கவலை.

‘பூல் புலையா’வை இயக்கியவர் பிரியதர்ஷன். பதினான்கு ஆண்டுக்கு முன் ‘மணிச்சித்ரதாழ்’ படப்பிடிப்பில் ஃபாசிலுக்குத் துணையாக இரண்டாம் யூனிட்டை நடத்திய நண்பர்களில் அவரும் ஒருவர். சிபி மலையிலும் சித்திக்-லால் இரட்டையரும் மற்றவர்கள். முதல் அறையையும் பார்த்து, அதை இந்திக்கும் கொண்டுபோன அவர், கிட்டத்தட்ட அதே காலத்தில் காஞ்சிபுரத்து நெசவாளியைப் பற்றித் தமிழில் ஒரு படம் எடுத்தார். 2007-ம் ஆண்டின் சிறந்த படத்துக்கான தேசிய விருது ‘காஞ்சிவரம்’ படத்துக்கு, சிறந்த நடிகர் விருது பிரகாஷ்ராஜுக்கு. மகள் கல்யாணத்துக்குப் பட்டுப்புடவை தருவேன் என்று வாக்குக் கொடுத்த வேங்கடம், முதலாளி வீட்டுப் பட்டு இழைகளை வாயில் அடக்கி வெளியே கொண்டுவருகிறான். ஊர் தூங்கிய பிறகு மறைவாக உட்கார்ந்து நெய்கிறான். கடைசியில் பாதி நெய்த அந்தப் பட்டு மகளின் பிணத்தைப் போர்த்தக்கூடப் போதவில்லை. இந்தப் படத்தை யாரும் திகில் படம் என்று சொன்னதில்லை. கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே ஒரு மனம் தன்னையே தின்றுகொண்டிருப்பதைக் காட்டியதில், இயக்குநர் தெக்கினியில் கற்றது வீண் போகவில்லை என்று எனக்குத் தோன்றும்.

செவிலிமேட்டில் உட்கார்ந்து இதை எழுதுவதால் ‘காஞ்சிவரம்’ எனக்குக் கூடுதலாக வலிக்கிறது என்பதையும் மறைக்கவில்லை. காஞ்சிபுரத்தின் தென்கோடி இது, வந்தவாசி சாலை பாலாற்றுப் பாலம் ஏறுவதற்கு முந்தின ஊர். 2011-ல் நகராட்சியோடு சேர்த்தார்கள், இப்போது மாநகராட்சி. இங்கே வைணவர்களுக்குச் சாலைக்கிணறுதான் பெரிய சொத்து. குருவான யாதவப்பிரகாசர் காசி யாத்திரையில் தன்னைக் கொல்லத் திட்டமிட்டிருக்கிறார் என்று தெரிந்து, இளவயது ராமானுஜர் விந்தியக் காட்டில் தனியாகத் தப்பி ஓடுகிறார். இருட்டில் ஒரு வேடனும் வேடுவச்சியும் வழித்துணையாக வருகிறார்கள். விடிந்தபோது நிற்பது காஞ்சியில். வேடுவச்சிக்குத் தாகத்துக்கு இந்தக் கிணற்றில் தண்ணீர் சேந்திக் கொடுத்துவிட்டுத் திரும்பினால் இருவரையும் காணோம். வந்தவர்கள் வரதரும் தாயாரும் என்பது நம்பிக்கை. நடுக்காட்டில், நடுராத்திரியில், முன்பின் தெரியாத ஒரு பெண் வழிகாட்டியாக வருகிற கதையை வைத்துக்கொண்டிருக்கிற ஊர் இது.

தறிக்காரர்களும் ஒரே மொழிக்காரர்கள் அல்ல. செங்குந்தர் வீட்டில் தமிழ், பத்மசாலியர் வீட்டில் தெலுங்கு, தேவாங்கரில் சில வீடுகளில் தெலுங்கு, சிலவற்றில் கன்னடம், பட்டுநூல்காரர் வீட்டில் சௌராஷ்டிரம். காஞ்சிப் பட்டின் பெருமையே கோர்வையில் இருக்கிறது. உடம்புக்கு ஒரு நாடா, இரண்டு பக்கக் கரைக்கு இரண்டு நாடா. வலது கரையை நெய்கிறவர் பார்த்துக்கொள்ள, இடது கரை நாடாவைத் தள்ள இன்னொரு ஆள் பக்கத்தில் உட்கார வேண்டும். உடம்பும் கரையும் வேறு வேறு நிறம், ஒவ்வொரு ஊடையிலும் இரண்டும் கொக்கி போட்டுக்கொள்ளும். புடவை நைந்தாலும் கோர்வை விடாது. கர்நாடகத்துப் பட்டு, சூரத்து ஜரிகை. சந்திரமுகி பெயரில் சேலைகள் கடைக்கு வந்த வருஷம் இங்கே உள்ளவர்களுக்கு நன்றாக நினைவிருக்கும். ஒரு படம் ஓடினால் அந்தப் பெயரில் கேட்கிற வாடிக்கையாளர் வந்துவிடுவார்.

அறைக்கு வருகிறேன். திரைக்கு வெளியே இருக்கும் பூட்டிய அறைகளைச் சொல்லாமல் இந்தப் பயணம் முழுமையாகாது. 2001 ஆகஸ்ட் 6 விடியற்காலை, ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் மனநோயாளிகளை வைத்திருந்த ஒரு தனியார் விடுதியில் தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டிவைக்கப்பட்டிருந்தவர்கள் ஓட முடியாமல் 28 பேர் இறந்தார்கள். ‘சந்திரமுகி’ வெளிவர இன்னும் நான்கு ஆண்டுகூட இல்லை. மனநோயாளியை எந்த வகையிலும் சங்கிலியிட்டுக் கட்டக் கூடாது என்று சட்டம் தெளிவாகச் சொல்ல 2017-ம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இந்தப் பின்னணியில் பார்க்கும்போதுதான் ‘மணிச்சித்ரதாழ்’ செய்த பெரிய காரியம் தெரிகிறது. மருத்துவர் சன்னி கங்காவைக் கட்டிவைக்கவில்லை, அடிக்கவில்லை. இரவில் அந்தக் கதவுக்கு முன்னால் போய் நின்று நாகவல்லியோடு பேச்சுக் கொடுக்கிறான். அவள் காரணவரின் உயிரைக் கேட்பதைக் காது கொடுத்துக் கேட்டு, துர்காஷ்டமி அன்று தருகிறேன் என்று வாக்குக் கொடுக்கிறான். சொன்னபடி கொடுக்கிறான், மனிதனுக்குப் பதில் பொம்மை. இப்படி ஒரே இரவில் நோய் தீருமா என்று மனநல மருத்துவர்கள் கேட்டால் அந்தக் கேள்வி நியாயமானது. மந்திரவாதியையும் மருத்துவத்தையும் ஒரே மேடையில் ஏற்றியதையும் குறை சொல்லலாம். ஆனாலும் நோயாளியின் கோபத்துக்கு ஒரு காரணம் இருக்கிறது, அதை அவளிடமே கேட்க வேண்டும் என்று ஒரு வெகுஜனப் படம் 1993-ல் சொன்னது சின்ன விஷயமில்லை.

அதே 1993-ல் சென்னையில் வந்தனா கோபிகுமாரும் வைஷ்ணவி ஜெயகுமாரும் சேர்ந்து ‘தி பேன்யன்’ அமைப்பைத் தொடங்கினார்கள். மனநோயோடு தெருவில் அலையும் பெண்களுக்கு அடைக்கலம் தரும் இடம். பழைய காஞ்சிபுரம் மாவட்டத்துக் கோவளத்திலும் அவர்களுக்கு ஒரு மையம் உண்டு. அங்கே வந்து சேர்ந்த பெண்களில் வெளிமாநிலத்தவர் பலர். ரயிலில் ஏறி எங்கோ இறங்கி, தன் மொழி ஒருவருக்கும் புரியாத ஊரில் நிற்கிறவர்கள். சிகிச்சையில் மனம் கொஞ்சம் தெளிந்ததும் ஊர்ப் பெயரோ வீட்டு அடையாளமோ பேச்சில் வரும். அதைப் பிடித்துக்கொண்டு குடும்பத்தைத் தேடி எத்தனையோ பேரை ஊர் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறார்கள். அவள் பேசுவது நமக்குப் புரியவில்லை என்பதற்காக உளறல் என்று விட்டுவிட்டால் இந்த வேலையே நடக்காது.

சினிமாவில் அறை இப்போதும் நகர்ந்துகொண்டிருக்கிறது. 2019-ல் அஸ்வின் சரவணன் ‘கேம் ஓவர்’ எடுத்தார். இருட்டைக் கண்டால் மூச்சு முட்டும் ஸ்வப்னா, துணைக்கு வீட்டு வேலை பார்க்கும் கலாம்மா, சக்கர நாற்காலி, சுற்றிலும் யாருமற்ற வீடு. டாப்ஸியும் வினோதினியும் நடித்த அந்தப் படத்தில் அரசன் இல்லை, ஆடல்காரியும் இல்லை. தனக்கு நேர்ந்த கொடுமையின் நினைவே அந்தப் பெண்ணுக்குப் பூட்டிய அறை. இறந்துபோன இன்னொரு பெண் அவளுக்குத் துணையாக வருகிறாள், ஆட்டிவைக்க அல்ல. இத்தனை ஆண்டில் தமிழில் இந்த அறைக்குக் கிடைத்த நல்ல புதுக்கதவு அதுதான் என்பது என் கட்சி. 2023-ல் வந்த ‘சந்திரமுகி 2’ பழைய கதவையே திரும்பத் தட்டியது. 2024 ஆகஸ்டில் ‘மணிச்சித்ரதாழ்’ 4கே தரத்தில் கேரளத் திரையரங்குகளுக்கு மறுபடி வந்தபோது, படம் வந்த காலத்தில் பிறந்தேயிராத பிள்ளைகள் போய்ப் பார்த்தார்கள்.

இந்த ஊரில் நான் அடிக்கடி போகிற ஒரு தறிவீட்டில் வீட்டுப்பேச்சு தெலுங்கு. பாட்டியம்மா ஊடைக்குத் தார் சுற்றிக்கொண்டிருப்பார், மகன் தறிக்குழியில், மருமகள் கரை நாடா தள்ள. ஒரு நாள் மாலை போனபோது பேத்தி பள்ளி ஆண்டு விழாவுக்கு ‘ராரா’ ஆடிப் பழகிக்கொண்டிருந்தாள். போனில் பாட்டு ஓட, அவள் கண்ணை உருட்டி, பல்லைக் கடித்து, தலையை ஒரு பக்கம் சாய்த்து முறைத்தாள். டீச்சர் அப்படித்தான் சொல்லிக் கொடுத்தாராம், கண் பெருசாத் தெரிஞ்சாத்தான் பரிசாம். வார்த்தைகள் வாயில் வந்தபடி கொழகொழவென்று போயின.

பாட்டியம்மா தார் சுற்றுவதை நிறுத்தினார். பேத்தியைத் தெலுங்கில் அதட்டிவிட்டு, எனக்குப் புரியட்டும் என்று தமிழில் சொன்னார்.

“எதுக்குடி முறைக்கிற? அவ யாரையும் மிரட்டல. கிட்ட வாய்யான்னு ஆளைக் கூப்பிடுறா. ஆசையாக் கூப்பிடுறவ பல்லைக் கடிப்பாளா?”

“அவ பேய், அவ்வா.”

“பேயானது அப்புறம். பாடுறப்ப அவ பொம்பளதான்.”

பிறகு ஒவ்வொரு வார்த்தையாக உச்சரிப்பு சொல்லிக்கொடுத்தார். எங்கே குரலை இழைக்க வேண்டும், எங்கே கெஞ்ச வேண்டும் என்று பாடியே காட்டினார். பேத்தி இரண்டு மூன்று தடவையில் பிடித்துக்கொண்டாள். முகமும் தானாக மாறியது. கொஞ்ச நேரம் கழித்து அவளுக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

“மேடையில எப்படி ஆடுறது? டீச்சர் சொன்ன மாதிரியா, நீ சொன்ன மாதிரியா?”

“முழிக்கணும்னா டீச்சர் சொன்ன மாதிரி முழிச்சுக்கோ” என்றார் பாட்டியம்மா, தாரைக் கையில் எடுத்துக்கொண்டு. “பாட்டை மட்டும் ஒழுங்காச் சொல்லு.”